மூன்று மாதம் வராது, வந்தால் நிற்காது

கேள்வி: டொக்டர், எனக்கு 24 வயது. வடமராட்சி. நெல்லியடியில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இரண்டு வருசத்துக்கு முன் ஸ்கான் செய்து பி.சி.ஓ.எஸ்., அதாவது சூலகத்தில் முட்டை ஒழுங்காக முதிராத பிரச்சினை, என்று சொன்னார்கள். மாதவிடாய் மூன்று மாதம், சிலவேளை நாலு மாதம் வராது. வந்தால் நிற்காது. இந்த முறை இன்றைக்கு 19ஆவது நாள். பாமசியில் கேட்டு ஒரு குளிசை வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் நின்றது, விட்டுவிட்டேன். இரண்டு நாளில் முன்னையதைவிடக் கூடப் போகத் தொடங்கியது. திரும்பவும் போட்டேன், திரும்பவும் அதே கதை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீட்டில் சாமியறைக்குள் போகவிட மாட்டார்கள், 19 நாளாக நான் விளக்கு வைக்கவில்லை. அம்மா உளுத்தங்களி கிண்டித் தருகிறா. "கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும்" என்று பெரியம்மா சொல்லுகிறா. கனடாவில் ஒரு சம்பந்தம் பேசுகிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? நல்லூர்க் கோயில் கொடியேற்றமும் வருகிறது. திருவிழா முடியும்வரையாவது நிற்பாட்ட ஒரு குளிசை சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

பதில்: பிள்ளை, கடிதத்தின் நடுவில் ஒரு சின்ன வசனமாக "படி ஏறினால் மூச்சு வாங்குகிறது" என்று எழுதிவிட்டு, விளக்குக்கும் கொடியேற்றத்துக்கும் போய்விட்டீர்கள். என்னால் அந்த வசனத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. 24 வயதில் படி ஏறி மூச்சு வாங்குவது களைப்பு அல்ல. 19 நாளாக உதிரம் போனவருக்கு இரத்தம் குறைந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். மந்திகை ஆஸ்பத்திரி உங்களுக்குக் கிட்டத்தான். இந்தப் பதிலைப் படித்தால் அடுத்த நாள் காலையிலேயே வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். லீவு எடுக்கக் காரணம் கேட்டால் "இரத்தம் சோதிக்கப் போகிறேன்" என்றால் போதும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் குருதிச்சோகை. இப்படி இழுபட்ட பிள்ளைகள் 7, 8 என்று வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் நடந்துதான் வந்தார்கள், வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மெல்ல மெல்லக் குறைந்தால் உடம்பு பழகிவிடும், வெளியே தெரியாது.

நாளை என்று சொன்னேன். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் முழுக்க நனைகிறது, அது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்கிறது என்றாலோ, எழும்பினால் தலை சுற்றி விழப் பார்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு தாங்க முடியாமல் நோகிறது என்றாலோ நாளைவரை பொறுக்கக் கூடாது. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள். இரவு என்று பார்க்க வேண்டாம்.

அங்கே உங்களிடம் ஒன்று கேட்பார்கள், கேட்டவுடன் முகம் சிவக்கும். கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இருக்கிறதா என்று. பிள்ளை பெறும் வயதில் உதிரப்போக்கோடு வரும் எல்லாரிடமும் இதைக் கேட்டே ஆகவேண்டும். கேட்காமல் விட்டால்தான் அது பிழை. பெரும்பாலும் சிறுநீரையும் சோதிப்பார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் கதைக்கக் கஷ்டம் என்றால், "அம்மா கொஞ்சம் வெளியில் இருக்கட்டும்" என்று டொக்டரையே சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லுவோம்.

சரி, இனி உங்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் 19 நாளை எண்ணுகிறீர்கள். நான் அதற்கு முந்திய மூன்று மாதத்தைப் பார்க்கிறேன். "வராத மாதங்களில் ஒரு பிரச்சினையும் இல்லை, வந்தால்தான் கரைச்சல்" என்று கிளினிக்கில் எத்தனையோ பேர் சொல்லுவார்கள். உண்மை மறுவளம். அந்த வெறும் மாதங்களில்தான் இந்த 19 நாளும் உருவாகிறது.

வழமையான மாதத்தில் முதல் இரண்டு கிழமையும் ஈஸ்திரோஜன் என்ற ஓமோன் கருப்பையின் உட்புறத் தோலைத் தடிக்க வைக்கும். நடுவில் சூலகத்திலிருந்து ஒரு முட்டை வெளியேறும். முட்டை போன இடத்திலிருந்து புரோஜெஸ்தரோன் என்ற இன்னொரு ஓமோன் சுரந்து, தடித்த தோலைப் பக்குவப்படுத்திப் பிடித்து வைத்திருக்கும். கரு தங்காவிட்டால் இரண்டு கிழமையில் அந்த ஓமோன் சட்டென்று இறங்கும். இறங்கியவுடன் தோல் முழுவதும் ஒன்றாகக் கழன்று வரும். நாலைந்து நாள், கூடினால் ஏழெட்டு நாள், அதோடு முடிந்தது. பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்குப் பல மாதங்களில் முட்டை வெளியேறுவதில்லை. அப்போது புரோஜெஸ்தரோன் வராது, ஆனால் ஈஸ்திரோஜன் நிற்காமல் வேலை செய்துகொண்டே இருக்கும். தோல் தடித்துத் தடித்து, கடைசியில் தன் பாரம் தாங்காமல் ஓரிடத்தில் உதிரும். அங்கே ஆறுவதற்குள் இன்னோரிடத்தில் உதிரும்.

எங்கள் ஊரில் கிடுகு வேலியை வருசத்துக்கு ஒருதரம் பிரித்துப் புதிதாக அடைப்பார்கள். பிரிக்காமல் பழையதன் மேல் புதிய கிடுகைச் சொருகிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு மூலை உக்கி விழும், அதைப் பொத்த மற்ற மூலை விழும். ஒவ்வொரு நாளும் முற்றத்தில் கொஞ்சம் கொட்டுப்பட்டுக் கிடக்கும். உங்கள் 19 நாளும் அப்படித்தான். முட்டை வெளியேறி முறையாக வரும் மாதவிடாய் அல்ல இது. முறையாகப் பிரிக்கப்படாத வேலி அங்கங்கே உதிர்கிறது. ஆகவே மருத்துவத்தின் வேலை உதிர்வதைப் பொத்துவது மட்டுமல்ல, காலத்துக்குக் காலம் முழுவதையும் பிரிக்க வைப்பது.

பாமசிக் குளிசை ஏன் உங்களை ஏமாற்றியது என்பது இப்போது விளங்கும். அட்டையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் மூன்றாம் நாளில் நின்றது, விட்டவுடன் கொட்டியது என்றால் அது அநேகமாக நோரெதிஸ்தரோனாக இருக்கும். உங்களுக்குள் வராத அந்த இரண்டாவது ஓமோனின் செயற்கைத் தம்பி. உதிரத்தை நிற்பாட்ட நாங்கள் எழுதும்போது வழமையாக 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று, பத்து நாள் என்று எழுதுவோம். இரண்டு மூன்று நாளில் நிற்கும். நின்றாலும் பத்து நாளும் முடிக்க வேண்டும், அந்த நாட்களில்தான் அது தோலைப் பக்குவப்படுத்துகிறது. முடித்து இரண்டு மூன்று நாளில், அல்லது ஒரு கிழமைக்குள், உதிரம் திரும்ப வரும். கட்டாயம் வரும், சில வேளை பலமாகவே வரும். அதுதான் வேலி பிரிக்கும் நாள். அது தானாக அடங்கும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் குளிசையை மட்டும் கொடுத்து அனுப்பினால், பிள்ளை பயந்து திரும்ப ஒரு அட்டையைத் தொடங்கும். நீங்கள் மூன்று நாள் போட்டு, பிரிக்கத் தொடங்கிய வேலியைப் பாதியில் விட்டு, பிறகு உதிர்கிறதே என்று திரும்பவும் பிடித்துக் கட்டியிருக்கிறீர்கள். உங்களில் பிழை இல்லை. கவுண்டருக்கு மேலால் அட்டையை வெட்டித் தரும்போது யாரும் இவ்வளவும் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் இதை நீங்களாக மூன்றாம் தரம் தொடங்க வேண்டாம். அந்த அளவில் எடுக்கும்போது இந்தக் குளிசையில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் ஈஸ்திரோஜனாக மாறும். காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டிய வரலாறு உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால், கண்ணில் வெளிச்சம் மின்னிக்கொண்டு வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால், உடற்பருமன் மிகக் கூட என்றால், வேறு வழி பார்க்க வேண்டும். இரத்தப்போக்கைக் குறைக்க மட்டும் ரனெக்சாமிக் அமிலம் என்று ஒரு மருந்து இருக்கிறது, ஓமோன் அல்ல, நாலைந்து நாளைக்குத்தான் கொடுப்போம். வயிற்றுக்குத்துக்குப் போடும் மெஃபெனமிக் அமிலமும் போக்கைக் கொஞ்சம் குறைக்கும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை இரத்த அழுத்தத்தைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் தீர்மானிக்கலாம்.

இரும்புச்சத்துக் குளிசை நிச்சயம் தருவார்கள். அதை எப்படி விழுங்குகிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு முடிந்த கையோடு தேத்தண்ணி வேண்டும். தேயிலையில் உள்ளது இரும்பைப் பிடித்துவைத்து வெளியே அனுப்பிவிடும். பாலும் அப்படித்தான். குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் நல்லது, வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது என்று அன்றைக்கே நிற்பாட்டாமல் இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும், உடம்பின் சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் எடுக்கும். முருங்கையிலை வறையும் பொன்னாங்காணியும் நல்லவை, சாப்பிடுங்கள். ஆனால் 19 நாள் போனதை வறையால் திருப்பி நிரப்ப முடியாது.

அம்மாவின் உளுத்தங்களிக்கும் இதே பதில்தான். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உளுந்தும் நல்லெண்ணெயும் கொடுத்தது புரதமும் சக்தியும் போகட்டும் என்றுதான். சாப்பாடாக அதில் ஒரு குறையும் இல்லை. உதிரத்தை அது நிற்பாட்டாது. பனங்கட்டியும் எண்ணெயும் தாராளமாக விட்டு நாளுக்கு இரண்டுதரம் என்றால் உங்களுக்கு அது கூடாது. அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், "சின்னக் கிண்ணத்தில் தாங்கோ" என்று சொல்லுங்கள். அவர் பயத்துக்கும் கை வேலை ஒன்று வேண்டும்.

ஏன் கூடாது என்கிறேன் என்றால், இந்த வியாதியின் அடியில் இருப்பது இன்சுலின். பி.சி.ஓ.எஸ். உள்ள பலருடைய உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை, ஆகவே கணையம் கூடச் சுரக்கிறது. கூடச் சுரந்த இன்சுலின் சூலகத்தை உசுப்பி ஆண் ஓமோனைக் கூட்டுகிறது, அது முட்டை முதிர்வதைத் தடுக்கிறது. தாடையில் முடி, முகப்பரு, உச்சியில் முடி கொட்டுதல் எல்லாம் அந்த வழியில் வருபவை. ஒரு அடையாளம் சொல்கிறேன், கண்ணாடியில் பாருங்கள். பின்கழுத்தில் பட்டுத் துணிபோல் மெத்தென்று கறுத்த பட்டை இருக்கிறதா? சங்கிலி ஊத்தை என்று நினைத்துத் தேசிக்காய்ப் பாதியாலும் பீர்க்கந்தும்பாலும் உரஞ்சி உரஞ்சிப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். அது ஊத்தை அல்ல. இன்சுலின் கூடியதைத் தோல் எழுதிக்காட்டுகிறது. உரஞ்சினால் போகாது, இன்சுலின் இறங்கினால் மெல்ல வெளுக்கும்.

ஆகவே கிளினிக்கில் இரத்தச் சீனியும் பாருங்கள். வெறும் வயிற்றில் ஒன்று, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று. வீட்டில் யாருக்காவது சலரோகம் இருந்தால் கட்டாயம். தைரொயிட்டும், பால் சுரக்க வைக்கும் ஓமோனான புரோலக்டினும் பார்க்கச் சொல்லுவார்கள். இரண்டும் மாதவிடாயைக் குழப்பக்கூடியவை, பி.சி.ஓ.எஸ். என்று முத்திரை குத்துமுன் அவை இல்லை என்று காட்ட வேண்டும். "ஸ்கான் செய்து சொன்னார்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கான் மட்டும் போதாது. 2003இல் ரொட்டர்டாமில் வகுத்த முறைப்படி மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: ஒழுங்கில்லாத மாதவிடாய், ஆண் ஓமோன் கூடியதன் அடையாளம், ஸ்கானில் தெரியும் சூலகத் தோற்றம். உங்களுக்கு முதலாவது இருக்கிறது, மூன்றாவதும் இருக்கிறது, ஆகவே பெயர் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் மற்றப் பரிசோதனைகள் செய்யாமல் விட்டிருந்தால் இப்போது செய்யுங்கள்.

"நீர்க்கட்டி" என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் காணாதது எனக்குச் சந்தோசம். அந்தச் சொல்லால் இங்கே எத்தனை வீடுகளில் நித்திரை போயிருக்கிறது! ஸ்கானில் தெரிபவை கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட முட்டைப் பைகள், ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீற்றர், மிளகு, பயறு அளவு. வெட்டி எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. இன்னொன்று, சாமத்தியப்பட்டு இரண்டு வருசம்கூட ஆகாத பிள்ளையை ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த வயதில் சூலகம் இயல்பாகவே அப்படித்தான் தெரியும், மாதவிடாயும் ஒழுங்காக வர மூன்று வருசம்வரை எடுக்கும். சாமத்தியப்பட்டு எட்டு வருசம் ஆகும்வரை ஸ்கானை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று சொல்ல வேண்டாம் என்பதுதான் இன்றைய சர்வதேச வழிகாட்டல். உங்களுக்குத் தங்கச்சி இருந்தால் அம்மா பயந்து அவளையும் கூட்டிக்கொண்டு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வயதிலும் மாதவிடாய் பத்து நாளுக்கு மேல் பலமாக இழுத்தால் காட்டத்தான் வேண்டும். இரத்தம் உறைவதில் பிறவியிலேயே குறை உள்ள பிள்ளைகள் அப்படித்தான் முதலில் வெளிப்படுவார்கள்.

நிறை எவ்வளவு என்று எழுதவில்லை, நானும் கேட்டுத் துளைக்கப் போவதில்லை. மெல்லியவர்களுக்கும் இந்த வியாதி வரும். நிறை கூட என்றால், இருப்பதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியேறத் தொடங்குகிறது. 70 கிலோவுக்கு மூன்றரைக் கிலோ. 50 கிலோவாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் இனத்துப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனாலே கவனம். தராசைவிட அளவு நாடா நல்ல சாட்சி.

சாப்பாட்டில் நான் முதலில் கை வைப்பது தேத்தண்ணிக் கோப்பையில். ஒபிசில் காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, வீட்டில் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் நாளுக்கு நாற்பது, ஐம்பது கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. தேத்தண்ணியோடு வரும் பணிசும் றோல்சும் வேறு கணக்கு. சோற்றை விட வேண்டாம், பாதிக் கோப்பையை மரக்கறியும் கீரையும் பிடிக்கட்டும், மீனோ பருப்போ முட்டையோ ஒன்று எப்போதும் இருக்கட்டும். வெள்ளைமாப் பிட்டுக்குப் பதில் குரக்கன் பிட்டு. அதையும் நாலு குழல் சாப்பிட்டால் மாற்றியதில் பயனில்லை. நடக்க வேண்டும், சைக்கிள் ஓட வேண்டும், கிழமைக்கு 150 நிமிடமாவது. 90களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் குடாநாட்டில் எல்லாரும் சைக்கிள்தான், 2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்தபோதும் பரணில் இருந்த சைக்கிள்கள் எல்லாம் இறங்கின. பெற்றோல் வந்தவுடன் திரும்ப ஏறிவிட்டன. இதெல்லாம் ஹீமோகுளோபின் கூடிய பிறகு. இப்போது ஓட வேண்டாம்.

நீண்ட காலத்துக்கு என்ன செய்வது? ஒரு விதியை மனதில் வையுங்கள்: மருந்து எடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் உதிரம் வராமல் இருக்க விடக் கூடாது. வருசத்துக்குக் குறைந்தது நாலு தரமாவது கருப்பை முழுமையாக வெறுமையாக வேண்டும். வருசக்கணக்காகத் தடித்துக்கொண்டே போனால் அந்தத் தோலில் மாற்றங்கள் வரலாம், பிற்காலத்தில் கருப்பைப் புற்றுநோய்க்கும் அது வழி. 24 வயதில் அது மிக அரிது, பயமுறுத்த எழுதவில்லை. "வராமல் இருந்தால் நிம்மதி" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வழி இரண்டு. ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருதரம் புரோஜெஸ்தரோன் வகைக் குளிசை பத்துப் பதினாலு நாள். மற்றது மாதக் குளிசை, அதாவது இரண்டு ஓமோனும் கலந்த, மிதுரி போன்ற குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை. பெயரைக் கேட்டவுடன் அம்மா எழும்பிவிடுவார், எனக்குத் தெரியும். "கலியாணம் ஆகாத பிள்ளைக்கு மிதுரியா?" என்று கேட்டு எழும்பிப் போனவர்களே இருக்கிறார்கள். மலேரியா மருந்தை மூட்டு வருத்தத்துக்குக் கொடுக்கிறோம், யாரும் மலேரியா என்று சொல்வதில்லை. இந்தக் குளிசை உங்கள் உதிரத்தை ஒழுங்காக்கும், போக்கைக் குறைக்கும், முகப்பருவையும் முடியையும் அடக்கும். பிள்ளைப்பாக்கியத்தைக் கெடுக்காது. நிற்பாட்டினால் உங்கள் பழைய ஒழுங்குதான் திரும்பும், அதை "குளிசையால் வந்தது" என்று பலர் பிழையாக எண்ணுகிறார்கள். நான் மேலே சொன்ன இரத்தக்கட்டு, மின்னும் தலைவலி, உயர் இரத்த அழுத்தம் இருந்தால் இது கூடாது. எடுக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி நோகிறது, திடீரென்று நெஞ்சு நோகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

மெட்ஃபோர்மின் சீனி வருத்தக்காரருடையது என்று தள்ளிவைக்க வேண்டாம், இன்சுலின் பக்கத்தைச் சரிசெய்ய அது உதவும். இரவுச் சாப்பாட்டோடு ஒன்று என்று தொடங்கி மெல்லக் கூட்டினால் வயிற்றைக் கலக்காது. சித்த மருத்துவரிடமும் காட்டுவதென்றால் காட்டுங்கள், ஆனால் இரண்டு பக்கமும் மற்றப் பக்கம் தருவதைச் சொல்லுங்கள்.

இனி நல்லூர். 25 நாள் திருவிழா முழுவதற்கும் நோரெதிஸ்தரோனால் தள்ளிப்போட நான் எழுதித் தர மாட்டேன். அது வர இருக்கும் நாளுக்கு மூன்று நாள் முன் தொடங்கி, கூடினால் இரண்டு கிழமை எடுப்பதற்கானது. உங்களுக்கு வர இருக்கும் நாள் எது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு ஆடி ஆவணியிலும் இந்தக் குளிசையைத் தாமாக வாங்கிப் போட்டு, தேரன்று கொட்டிக்கொண்டு வருபவர்களை நான் பார்க்கிறேன். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. இப்போதே காட்டிக் குளிசையை ஒழுங்காக முடித்தால், அதன் பின் வரும் உதிரத்தைக் கொடியேற்றத்துக்கு முன்னமே முடிக்கலாம். பிறகு மாதக் குளிசை பொருந்துமென்றால், முதல் அட்டையின் 21 ஓமோன் குளிசை முடிந்தவுடன், கடைசி வரிசையில் வேறு நிறத்தில் இருக்கும் ஏழையும் விட்டுவிட்டு, அடுத்த அட்டையை நேரே தொடங்கலாம். ஆறு கிழமை, திருவிழாவுக்குக் காணும். இடையில் துளித்துளியாகப் படலாம், முழு உத்தரவாதம் யாராலும் தர முடியாது.

விளக்கு வைப்பது பற்றி என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் எழுதியிருக்கிறீர்கள். துடக்குக் காக்கிற வீட்டில் டொக்டர் போய்ச் சட்டம் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். துடக்கு என்று வைத்த காலத்தில் யாரும் 19 நாளைக் கணக்கில் எடுத்து வைக்கவில்லை, மூன்று நாலு நாளைத்தான் எண்ணினார்கள். இது வருத்தத்தால் போகும் இரத்தம், மூக்கால் போவதுபோல. அம்மாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். என் வீட்டில் இந்த வாதம் வென்றது. பெரியம்மா இருக்கும் நேரத்தில் சொல்ல வேண்டாம்.

பெரியம்மாவின் வைத்தியத்துக்கு வருவோம். கலியாணம் கட்டியதால் முட்டை வெளியேறத் தொடங்கிவிடாது, பிள்ளை. கட்டியவர்கள் எங்கள் கிளினிக் வாங்கில் வரிசையாக இருக்கிறார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும் மாதங்களில் மாதவிடாய் இல்லாததைப் பார்த்துவிட்டு யாரோ தொடக்கிவிட்ட கதையாக இருக்கலாம்.

கனடாச் சம்பந்தத்துக்குச் சொல்லுங்கள். இது என் சொந்த அபிப்பிராயம், மருத்துவம் அல்ல. பெரியவர்கள் மூலமாக வேண்டாம், ஊர் சுற்றி வரும்போது "கர்ப்பப்பையில் கட்டி" ஆகிவிடும். அந்த மாப்பிள்ளையோடு நீங்கள் நேரே கதைக்கத் தொடங்கிய பிறகு நீங்களே சொல்லுங்கள்: "எனக்கு முட்டை ஒழுங்காக வெளியேறாத ஒரு பிரச்சினை இருக்கிறது, மருந்து எடுக்கிறேன், பிள்ளை பெற மருந்து உதவி தேவைப்படலாம்." அவ்வளவுதான். பொய்யும் இல்லை, மிகையும் இல்லை. பிள்ளை பெறுவதில் தாமதம் வரக்கூடிய காரணங்களுக்குள் எளிதாகக் கையாளக்கூடியது இது. முட்டையை வெளியேற்ற லெட்ரோசோல் என்ற குளிசையில்தான் முதலில் தொடங்குவோம், பலருக்கு அதுவே காணும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 6 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது. மாப்பிள்ளையின் தங்கச்சிக்கும் இருக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது மூன்று சாமான் கொண்டுபோங்கள். ஒன்று பழைய ஸ்கான் அறிக்கை. புதிதாக ஸ்கான் செய்தாலும் கலியாணம் ஆகாதவருக்கு வயிற்றுக்கு மேலால்தான் செய்வார்கள், அதற்கு மூத்திரம் முட்ட வேண்டும், நாலு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருங்கள். மற்றது குசினிக் கலண்டர். போனில் மாதவிடாய் நாளைக் கணிக்கும் அப் உங்களுக்கு உதவாது, 28 நாளை வைத்துக் கணிக்கும், உங்கள் உடம்பு 28 கேட்பதில்லை. கலண்டரில் உதிரம் தொடங்கிய நாள், நின்ற நாள், எத்தனை பாட், இரத்தக்கட்டி விழுந்ததா என்று குறியுங்கள். சாதாரண மாதவிடாயில் மொத்தமாகப் போவது ஆறு ஏழு தேக்கரண்டி அளவுதான், 16 கரண்டியைத் தாண்டினால் பலமான போக்கு என்போம். யாரும் கரண்டியால் அளப்பதில்லை, ஆகவே பாட் எண்ணிக்கைதான் எங்களுக்கு அளவு.

மூன்றாவது, பாமசியில் வெட்டித் தந்த அந்தக் குளிசை அட்டை. வெட்கப்பட்டுக் குப்பையில் போட்டுவிட்டு, "பெயர் தெரியாது, வெள்ளைச் சின்னக் குளிசை" என்று சொல்லாதீர்கள். எங்களுக்கு வரும் குளிசைகளில் பாதி வெள்ளைச் சின்னக் குளிசைதான். மிச்சம் எத்தனை இருக்கிறதோ அப்படியே பையில் போடுங்கள், எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் விட்டீர்கள் என்று அட்டையின் பின்பக்கத்திலேயே பேனையால் எழுதுங்கள்.